கோழிக்குப் புளித்த கம்பு

கோழி வளர்ப்பதில் லாபமா, நஷ்டமா என்று வீட்டு ஆண்களைக் கேட்காதீர்கள், சகோதரிகளே! முட்டைக் காசு எந்த டப்பாவில் இருக்கிறது என்பது நமக்கல்லவா தெரியும்? பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், திடீர் விருந்தாளிக்குக் காப்பித் தூள் எல்லாம் அந்த டப்பாவிலிருந்துதான். அந்தக் காசு தீவனக் கடைக்கே போய்விட்டால் நமக்கு என்ன மிச்சம்?

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியில் எங்கள் வீடு. புறக்கடையில் எட்டு நாட்டுக் கோழிகள், ஒரு சேவல். பகலில் குப்பையைக் கிளறிப் புழு, பூச்சி, கீரை என்று பாதி வயிற்றை அவையே நிரப்பிக்கொள்ளும். மீதிக்குப் போடும் கம்பை நான் புளிக்க வைத்தே போடுகிறேன். "ஏம்மா, கோழிக்குமா கூழு?" என்று என் மாமியார் முதலில் சிரித்தார். இப்போது ஜாடியைக் கிளறிவிடுவதே அவர்தான்!

செய்முறை சுலபம். ஒன்பது உருப்படிக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ கம்பு. கல், தூசி போகக் கழுவி, பீங்கான் ஜாடியிலோ மண்பானையிலோ போட்டு, நாலு விரல் மேலே நிற்கும்படி தண்ணீர் ஊற்றுங்கள். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் பக்கத்தில் ஜாடிக்கா பஞ்சம்? அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம்; புளிப்பு அதை அரிக்கும். துணியால் மூடி, நிழலில் வைத்து, காலையும் மாலையும் கிளறிவிடுங்கள். தானியம் ஊறி உப்பினால் இன்னும் தண்ணீர் விடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் நுரை கட்டி, கூழ் வாசனை வரும். தண்ணீரை வடித்துவிட்டுப் போடலாம். அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி அடுத்த ஜாடிக்கு உறை. உப்பு மட்டும் கூடவே கூடாது. உப்புப் போட்ட மீந்த கூழையும் தோசை மாவையும் கோழிக்குக் கொட்டாதீர்கள்.

இதனால் என்ன நன்மை? தயிரைப் புளிக்க வைக்கும் வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்கள்தான் இங்கேயும் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் பெருகுவது குறைகிறது. தானியத்தில் பைட்டிக் அமிலம் என்று ஒன்று உண்டு. அது பிடித்துவைத்திருக்கும் பாஸ்பரஸ் சத்தில் ஒரு பங்கு விடுபட்டு, கோழியின் உடம்பில் சேருகிறது. ஈரத் தானியம் என்பதால் கோழி வாரி இறைப்பதும் குறைவு. எங்கள் வீட்டில் முன்பு மண்ணோடு போன கம்பு இப்போது வயிற்றுக்குப் போகிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். போன ஐப்பசி அடைமழையில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, பூஞ்சை பூத்த கம்பை, "கழுவிப் போட்டா போச்சு" என்று குஞ்சுகளுக்குப் போட்டாள். பன்னிரண்டில் பத்து செத்துவிட்டன. 21 நாள் அடைகாத்த தாய்க்கோழி, பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்தக் குஞ்சுகளை நம்பித்தான் அவள் மகளின் பள்ளிச் செலவுக்குக் கணக்குப் போட்டிருந்தாள். பூஞ்சை நஞ்சு கழுவினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. புளிப்பு வேறு, ஊசல் வேறு. பச்சை, கறுப்பு, சிவப்பு என்று பஞ்சு போல எது படர்ந்தாலும், அழுகல் நாற்றம் அடித்தாலும், ஜாடியோடு குழியில் கொட்டி மூடிவிடுங்கள். தட்டில் மீந்ததையும் ஒரு மணி நேரத்தில் எடுத்து, தட்டைக் கழுவிவிடுங்கள்.

புளித்த கம்பு மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். முட்டையிடும் கோழிக்குப் புரதம் வேண்டும். கரையான், மீன் கழிவு கொடுக்கலாம். ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து போகிறது. கிளிஞ்சல் தூளைத் தனியாக வையுங்கள். வெள்ளைக் கழிச்சலுக்கு இது மருந்தே அல்ல. 1927இல் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கேட்டில் கண்டறியப்பட்டதால் 'ராணிக்கெட்' என்று பெயர் பெற்ற அந்த நோய்க்குத் தடுப்பூசி ஒன்றுதான் காவல். குஞ்சு பொரித்த முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விடவேண்டும். கால்நடை மருந்தகத்தில் விசாரியுங்கள்.

கூழ் புளித்திருக்கிறதா, கெட்டிருக்கிறதா என்பதை நம் மூக்கு ஒரு நொடியில் சொல்லிவிடும். அந்தக் கைப்பழக்கம் போதும், சகோதரிகளே. நாளைக்கே ஒரு பிடி கம்பை ஊற வையுங்கள்!