ஒரு வினைச்சொல்

நெல்லிவாசல்நாட்டைப் பற்றிக் கதை எழுத உட்கார்ந்தேன். முதல் வினைச்சொல்லிலேயே பேனா நின்றுவிட்டது. ஜவ்வாது மலையின் மலையாளி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்வது வழக்கம். வந்து என்ன செய்தார்கள்?

'தப்பினார்கள்' என்றால் துரத்தியவன் கதாநாயகனாகிவிடுவான். 'இளைப்பாறினார்கள்' என்றால் மலைச்சரிவில் சாமை விதைத்தது யார்? 'ஒதுங்கினார்கள்' அழகான சொல்தான். ஆனால் மழைக்குத் திண்ணையில் ஒதுங்கியவன் மழை விட்டதும் போய்விடுவானே! (கொல்லைப்பக்கம் ஒதுங்குவதை விட்டுவிடுங்கள்.)

ஸ்பானியருக்கு இந்தத் தொல்லை குறைவு. 'எஸ்காபார்' என்றால் தப்பியோடுவது. அதன் மகள் 'எஸ்காபாதா', இரண்டு நாள் உல்லாசப் பயணம். கைதிக்கும் சுற்றுலாக்காரனுக்கும் ஒரே வேர்! பட்டணத்திலிருந்து மலைக்கு வரும் நம்மவர்களுக்கு அது பொருந்தும். அங்கேயே ஏர் பிடித்தவர்களுக்குப் பொருந்தாது.

ஊர்ப் பெயரிலேயே வாசல் இருக்கிறது. 'குடி புகுந்தார்கள்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.