பழைய கண்ணும் புதுக் கண்ணும்

நவம்பர் 17, ஞாயிறு

காலை ஆறேகால் மணி. பஜார் தெருவில் பால் வண்டியைத் தவிர ஆளில்லை. நல்ல குளிர். என் மனைவி ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போர்த்திக்கொண்டு வந்தாள்.

முழங்கால் பழுதான பிறகு நான் தலையைக் குனிந்துதான் நடக்கிறேன். எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்று பார்க்காமல் பெங்களூரில் எங்கள் நீலசந்திரா நடைபாதையில் கால் வைக்க முடியாது. ஆஸ்டின் டவுன் பக்கம் திரும்பியதும் தரை வெள்ளையாகக் கிடந்தது. யாரோ அரிசியைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்து நின்றுவிட்டேன். வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது, மரமல்லி. நிமிர்ந்து பார்த்தால் மூன்று மாடி உயரத்துக்கு மரம்.

ராத்திரியில் மலர்கிற பூ இது. இருட்டில் வருகிற அந்துப்பூச்சிகளுக்காக இந்த வெள்ளையும் இந்த மணமும். விடிவதற்குள் பாதி உதிர்ந்துவிடும். எதிர்வீட்டுக் கன்னடக்காரர்கள் இதை ஆகாச மல்லிகே என்கிறார்கள். இவள் குனிந்து பத்துப் பன்னிரண்டு பொறுக்கினாள். காம்பு போல நமக்குத் தெரிவது பூவின் குழாய்தான், விரல் நீளம் வரும். அதை ஒன்றோடொன்று பின்னினால் நூலே வேண்டாம், சரம் ஆகிவிடும். திருப்பத்தூர் பக்கத்தில் அவள் படித்த பள்ளிக்கூடத்து வாசலில் இந்த மரம் இருந்ததாம். ஐம்பத்தைந்து வருஷம் ஆகியும் விரல்கள் மறக்கவில்லை. ரோட்டிலேயே நின்று பின்னி முடித்துவிட்டாள்.

இந்த வழியாக 37 வருஷம் போய்வந்தவன் நான். முதலில் பி.டி.எஸ்., 1997-க்குப் பிறகு பி.எம்.டி.சி., இரண்டிலும் கண்டக்டர். கூட்டத்தில் நின்றுகொண்டு டிக்கெட் கிழிக்கிறவனுக்கு ஜன்னல் வழியாக அடிமரம்தான் தெரியும். பூவெல்லாம் பஸ் கூரைக்கு மேலே. 71 வயதில், தலை குனிந்து நடக்கிறபோது, பூ எனக்கு முதலில் தரையில் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு நிமிர்கிறேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

லாங்ஃபோர்ட் டவுன் தெருவில் ஆப்பிரிக்க டியூலிப் பூத்திருக்கிறது. நெருப்புக் கிண்ணம் போல. மொட்டுக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும். நுனியைக் கிள்ளி அழுத்தினால் பீச்சும். கன்னடத்தில் நீருகாயி மரம் என்று பேர். இரண்டு பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேலும் தெறித்தது. இவள் சிரித்தாள். நெடுநேரம் நின்று பார்த்தோம்.

ஜனவரி 21, செவ்வாய்

போன வியாழக்கிழமை இவளுக்கு வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். வெளியே போகக் கூடாது, தூசி படக் கூடாது. நான் தனியாகத்தான் நடக்கிறேன். லால்பாகில் குடியரசு தினப் பூக்கண்காட்சி நடக்கிறது. கண்ணாடி மாளிகைக்குக் கையைப் பிடித்துக்கொண்டு போக ஆள் இல்லாததால் இந்த வருஷம் போகவில்லை.

தபேபுயா தொடங்கிவிட்டது. இலையை உதிர்த்துவிட்டு, கிளை முழுக்க ரோஸ் நிறப் பூவாக நிற்கும் மரம். சொந்த ஊர் மத்திய அமெரிக்கா. வாடி விழுகிற பழக்கம் இதற்கில்லை, மரத்தில் இருந்த நிறம் குறையாமல் கீழே வந்து விழுகிறது. தரையில் ஒன்று, தலைக்கு மேலே ஒன்று என்று இரண்டு மரம் இருப்பது போலத் தெரியும். இரண்டு பூவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இவள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"எல்லாம் ஒரே கறுப்பாத் தெரியுதுங்க. மேசை மேல வைங்க, கண்ணாடி கழட்டினதும் பாக்கறேன்."

தண்ணீரில் போட்டு வைத்தேன். சாயங்காலமே சுருங்கிவிட்டது.

பிப்ரவரி 13, வியாழன்

இவள் திரும்ப நடக்க வந்துவிட்டாள். வியாழக்கிழமை என்பதால் விவேக்நகர் குழந்தை ஏசு கோயில் தெருவில் காலையிலேயே கூட்டம். மெழுகுவத்தி, ரோஜா, மாலை. எந்த மதத்துக்காரர் என்று யாரும் யாரையும் கேட்காமல் வந்துபோகிற இடம். நாங்களும் வேண்டுதல் இருந்தால் போவோம். கண் நல்லபடியாக வந்ததற்கு இன்று ஒரு மாலை.

பூக்காரம்மாவிடம் இவள் சம்பங்கி கேட்டாள். "எந்தச் சம்பங்கிம்மா? நம்மளுதா, அவங்களுதா?" என்றாள் அந்த அம்மா. 1980-ல் கல்யாணமாகி வந்த புதிதில் இவள் இதே கேள்வியில் மாட்டிக்கொண்டாள். நமக்குச் சம்பங்கி என்றால் வெள்ளையாகக் காம்பு நீண்டு மாலைக்குக் கோக்கிற பூ. அதற்குக் கன்னடத்தில் சுகந்தராஜா. சம்பிகே என்று கேட்டால் செண்பகத்தைக் கொடுப்பார்கள், முழக்கணக்கு இல்லை, எண்ணித் தருவார்கள். மல்லேஸ்வரத்து சம்பிகே ரோடு செண்பகத்தின் பேரில் இருக்கிறது. அன்றைக்கு ஒரு முழம் கேட்டவளுக்கு நாலு செண்பகம் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். ஏமாற்றிவிட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து அழுதாள். அந்த நாலு பூவின் வாசனை தகரப்பெட்டியில் எத்தனையோ நாள் இருந்தது.

இன்று இரண்டு சம்பங்கியும் வாங்கினோம்.

மார்ச் 9, ஞாயிறு

இன்றைய நாளை ஒழுங்காக எழுத வேண்டும்.

ரிச்மண்ட் டவுன் பக்கம் ஒரு பழைய பங்களாவின் மதிலுக்கு வெளியே ஜக்கரண்டா நிற்கிறது. போன வருஷமும் இவளை அங்கே அழைத்துப் போனேன். "சாம்பல்ல கொஞ்சம் ஊதா கலந்த மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு தூரம் நடக்க வச்சீங்க?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு மனசு சுருங்கிப்போனது. அதனால் இந்த வருஷம் நான் ஒன்றும் சொல்லாமல் அந்த வழியாகத் திரும்பினேன்.

தெருமுனையிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இது என்ன மரம்?"

"ஜக்கரண்டா."

"போன வருஷம் காட்டினீங்களே, அதுவா?"

"அதேதான்."

நம்பவில்லை. கிட்டே போனோம். தரையில் மணிமணியாகப் பூ கிடந்தது. ஒன்றை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். இடது கண்ணைக் கையால் மூடினாள். பிறகு வலது கண்ணை மூடினாள். மறுபடியும் இடது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டே நின்றாள். இடது கண்ணுக்கு இன்னும் ஆபரேஷன் ஆகவில்லை.

"இந்தக் கண்ணுல டீத்தண்ணி தெளிச்ச மாதிரி இருக்குங்க. இதுல பாத்தா நீலம். இவ்வளவு நீலமாவா ஒரு பூ இருக்கும்?"

ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள், நான் காதில் வாங்கவில்லை. வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளடித்துப் பழுப்பாகிறது. அந்தப் பழுப்பு நீல வெளிச்சத்தைத் தடுத்துவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. புதிதாக வைக்கிற லென்ஸ் தெளிவானது, தடுபட்டிருந்த நீலம் எல்லாம் ஒரே நாளில் உள்ளே வந்துவிடும். அப்படியானால் இவள் எத்தனை வருஷம் நீலம் இல்லாமல் இருந்திருக்கிறாள்? தன் கல்யாணப் புடவை வெளுத்துப்போய்விட்டது என்று நாலைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளே, அது மயில் கழுத்து நிறம்.

நானும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்கு இரண்டு கண்ணிலும் ஒரே நீலம்தான். ஆனால் எனக்கும் புரை தொடங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் நீலம் என்று இங்கே எழுதுவது எத்தனை நீலமோ.

திரும்பி வரும்போது, "நம்ம ஊருப் பேருலயே நீலம் இருக்கு, எனக்குத்தான் தெரியல" என்றாள். திப்பசந்திரா, சிங்கசந்திரா என்று இந்தப் பக்கம் நிறைய ஊர்ப்பேர்கள் உண்டு. சமுத்திரம் என்ற சொல்தான் தேய்ந்து சந்திரா ஆகியிருக்கிறது. பெரிய ஏரியைச் சமுத்திரம் என்று சொன்ன காலம். வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் கவனம் கையிலிருந்த பூவில்.

மார்ச் 16, ஞாயிறு

ஜான்சன் மார்க்கெட்டைத் தாண்டி ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டம் வரை இன்று நடந்தோம். கையில் நாலு ஜக்கரண்டாப் பூ.

லால்பாக் பக்கத்தில் கிரும்பிகல் ரோடு என்ற பலகையை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். யார் அந்தக் கிரும்பிகல் என்று ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். 1865-ல் ஜெர்மனியில் பிறந்தவர். லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்தார். பரோடா மகாராஜாவிடம் வந்தார். 1908-ல் மைசூர் சமஸ்தானம் அவரை லால்பாகுக்குக் கொண்டுவந்தது. இந்த ஊர்த் தெருக்களில் ஒரு மரம் பூத்து ஓய்கிறபோது அடுத்தது தொடங்க வேண்டும், வருஷம் முழுக்க எங்காவது ஏதாவது பூத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு நடச் சொன்னவர் அவர். 1956-ல், 90 வயதில், இந்த ஊரிலேயே இறந்தார். ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம்.

மரமல்லிக்குப் பிறகு தபேபுயா, அது உதிர்கிறபோது ஜக்கரண்டா என்று நான் இந்த நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேனே, இந்த வரிசையை ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்னால் யோசித்திருக்கிறார். அவரோடு முடிந்துவிடவும் இல்லை. 1980-களில் வன அதிகாரி நெகின்ஹாள் ஐந்தாறு வருஷத்துக்குள் 15 லட்சம் கன்றுகள் நட்டார். மூங்கில் கூண்டுக்குள் நின்ற அந்தக் கன்றுகள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் அவற்றின் மேல் சாய்ந்து நிற்கிறவர்களைத் திட்டியிருக்கிறேன். அதற்காக இன்று சந்தோஷப்படுகிறேன்.

பூவை உள்ளே கொண்டுபோய் வைக்க முடியவில்லை, கேட் பூட்டியிருந்தது. கம்பிக்கு உள்பக்கமாகத் தரையில் வைத்துவிட்டு வந்தோம்.

மார்ச் 30, ஞாயிறு

யுகாதி. புங்கமரத்தடியில் பொரியைக் கொட்டிவைத்த மாதிரி பூ. பக்கத்து வீட்டிலிருந்து வேப்பம்பூவும் வெல்லமும் வந்தது. முழங்கால் வீக்கம், தெருமுனைவரைதான் போனேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நேற்று ராத்திரி பெங்களூர் கரகம். தர்மராயர் கோயிலிலிருந்து மல்லிகைக் கோபுரம் போன்ற கரகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு விடிய விடிய ஊர் சுற்றி வருகிறார்கள். அதைத் தூக்குகிறவர்கள் திகளர்கள், தலைமுறை தலைமுறையாகத் தோட்டக்காரர்கள். பழைய கன்னடத்தில் திகளர் என்றால் தமிழர்தான். இந்த ஊர்ப் பூவில் நம் ஆட்களின் கை எவ்வளவு காலமாக இருக்கிறது என்று நினைக்க நெஞ்சு நிறைகிறது. டியூட்டியில் இருந்த காலத்தில், கரக ராத்திரி என்றால் எந்த ரோட்டை அடைப்பார்கள் என்பதுதான் என் கவலை.

காலையில் இயல்வாகை மரத்தடியில் மஞ்சள் பொடி தூவினது போல இருந்தது. இவள் இரண்டு கண்ணாலும் சோதித்துவிட்டாள். மஞ்சளில் அவ்வளவு வித்தியாசம் இல்லையாம்.

மே 11, ஞாயிறு

பின்தெருவில் நடைபாதைக்கு கான்கிரீட் போடுகிறார்கள். மயிற்கொன்றை அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டைப் பூசப் போனார்கள். அப்படிக் கழுத்தை நெரித்த மரங்கள் காற்றடித்தால் வேரோடு சாய்வதை நான் பார்த்திருக்கிறேன். மண்ணுக்குள் தண்ணீர் இறங்காது, வேருக்கு மூச்சு கிடைக்காது. "தம்பி, சுத்தி ரெண்டடி விட்டுடுப்பா" என்று கேட்டேன். மேஸ்திரி சேலத்துக்காரர். "ஒரு அடி விடறேன் பெரியவரே" என்று செங்கல்லை வட்டமாக அடுக்கி அதற்கு வெளியே பூசினார். வேலை முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு சிறுமி அந்தப் பூவின் புல்லிவட்டத்தைப் பிரித்து விரல் நகத்தில் ஒட்டிக்கொண்டு எனக்கும் ஐந்து விரலுக்கு ஒட்டிவிட்டாள்.

மே 26, திங்கள்

நாளை இவளுக்கு இடது கண். ஏப்ரலிலேயே செய்திருக்கலாம், பேத்திக்குப் பரீட்சை, வெயில் என்று இவள்தான் தள்ளிப்போட்டாள்.

காலையில் தூறல். குடையோடு கிளம்பினோம். ஆஸ்டின் டவுன் மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் பூமருது. கன்னடத்தில் ஹொளே தாசவாளா. கசங்கின பட்டுத்துணி போன்ற இதழ், இளம் ஊதா. மழையில் நனைந்து கொத்துக் கொத்தாகத் தாழ்ந்திருந்தது. இவள் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கொத்து. பறிக்கவில்லை. முகத்தை அதற்குக் கிட்டே கொண்டுபோய் வலது கண்ணை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அந்தக் கண்ணால பாத்தா மங்கலாத்தானே தெரியும்?" என்றேன்.

"தெரியட்டுங்க. அறுபத்தாறு வருஷம் உழைச்ச கண்ணு. நாளைக்குப் போயிடும். அதுக்கு எப்படித் தெரியுதோ அப்படியே ஒருதடவை பாத்துக்கட்டும்."

நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூறல் வலுத்தது. அவள் கையை எடுக்கவில்லை.