ஆளில்லை என்ற கணக்கு

ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில் யாரையாவது கேளுங்கள், 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டு எத்தனை பேர் செத்தார்கள் என்று. இருபது பேர் என்று உடனே சொல்வார்கள். செம்மரம் வெட்டக் கூட்டிப்போன கூலிகள். எங்கள் ஜவ்வாதுமலை ஆட்களும் அதில் உண்டு. இந்த மலையிலிருந்து எம்.ஏ., எம்.எஸ்சி.க்கு எத்தனை பேர் மனுப் போட்டார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தருக்கும் தெரியாது. செத்த கணக்கு இருக்கிறது, படித்த கணக்கு இல்லை.

2012-ல் எம்.ஏ. சேர ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து வாங்கிய சாதிச் சான்றை நீட்டினேன். 'மலையாளி' என்பதைப் பார்த்துவிட்டு, “கேரளாவா?” என்றார் எழுத்தர். மலைசாதி சார் என்றேன். “எஸ்டிக்கு சீட் இல்லப்பா. ஆளே வர்றதில்ல, ஒதுக்கி இன்னா பண்றது?”

“நான் வந்திருக்கேனே சார்.”

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வீட்டில் அம்மா சாமை புடைத்துக்கொண்டே கேட்டது: “எடம் இல்லியா, இல்ல நமக்கு மட்டும் இல்லியா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சேர்க்கைக் கணக்கில்தான் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். துறைவாரியாக இடம் எத்தனை, எஸ்டி மனு எத்தனை, சேர்ந்தது எத்தனை, காலி இடம் யாருக்குப் போனது? முப்பது நாளில் வரவேண்டிய பதில் மேல்முறையீட்டுக்குப் பிறகுதான் வந்தது. தனிநபர் விவரம், தரமுடியாது என்று ஒரு வரி. நான் யார் பேரையும் கேட்கவில்லை, எண்ணிக்கையைத்தான் கேட்டேன். கூடவே ஒரு அட்டவணை. அதில் 'எஸ்சி/எஸ்டி' என்று ஒரே கட்டம். அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் நாங்கள் ஒருத்தராவது இருந்தோமா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

தமிழ்நாட்டில் 1990 வரை எஸ்சியோடு சேர்த்து 18 சதவீதத்துக்குள்தான் இருந்தோம். அதன்பிறகுதான் தனியாக 1 சதவீதம். 2011 கணக்கெடுப்பில் நாங்கள் 7,94,697 பேர். 30 இடமுள்ள துறையில் 1 சதவீதம் என்றால் 0.3. வெறும் கணக்காய்ப் பார்த்தால் நாலாம் வருஷம்தான் ஒரு முழு ஆள் தேறும். அந்த நாலாம் வருஷம் எது? வருஷவாரிக் கணக்கை வரிசையாக வைத்தால்தான் தெரியும். வைக்காதவரை அந்த வருஷம் வரவே வராது.

கணக்கு வெளியே வந்தால் என்ன தெரியும் என்பதற்கு ஐ.ஐ.டி. சாட்சி. 2015 முதல் 2019 வரை அங்கே பிஎச்.டி. சேர்ந்தவர்களில் பழங்குடியினர் 2.1 சதவீதம். சட்டப்படி 7.5. இந்தக் கணக்கு வந்தபிறகு 'ஆளில்லை' என்பவரை, எத்தனை பேர் மனுப் போட்டார்கள், எத்தனை பேரைத் தள்ளினீர்கள் என்று கேட்க முடிகிறது. உயர்கல்விக்கான அகில இந்திய ஆய்வு படிப்பவர்களை எண்ணுகிறது. வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களை எண்ணுவதில்லை.

பாபாசாகேப் 1928-ல் சைமன் கமிஷனிடம் கொடுத்த கல்வி அறிக்கையில் அரசாங்கத்தின் எண்களையே எடுத்து அதன் முகத்துக்கு நேரே வைத்தார். அப்போது அந்த எண்களாவது அச்சில் இருந்தன.

2005 சட்டத்தின் 4-வது பிரிவு, கேட்காமலே வெளியிட வேண்டியதைப் பற்றிப் பேசுகிறது. ஒவ்வொரு ஜூலையிலும் ஒவ்வொரு துறை வாசலிலும் நாலு எண் ஒட்டட்டும்: இடம், மனு, சேர்க்கை, மாற்றியது. எஸ்சி தனியாக, எஸ்டி தனியாக. தோழர்கள் கேட்கும்போது எங்கள் கட்டத்தையும் பிரித்துக் கேளுங்கள். நாம் சேர்ந்து போராடுவது வேறு, நம்மைச் சேர்த்து மறைப்பது வேறு.

நான் அந்த வருஷம் சேரவில்லை. பிறகு அஞ்சல் வழியில் படித்தேன். அம்மா கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.