முலாம் பூசுகிறவர்கள் தெரு

ஒரு நகரத்தில் பார்க்க வேண்டியவை இன்னின்ன என்று யாரும் பட்டியல் போட்டுவிடலாம். லிஸ்பனுக்கு அதை ஒரு கவியே செய்துவைத்திருக்கிறார். பெர்னாண்டோ பெஸ்ஸோவா 1925 வாக்கில் ஆங்கிலத்தில் எழுதிய கைடு அது. 1935இல் அவர் இறந்த பிறகு, டிரங்குப் பெட்டியில் விட்டுப்போன ஆயிரக்கணக்கான தாள்களுக்கு நடுவே கிடந்தது. அச்சேறியது 1992இல்தான். கப்பலில் வந்து இறங்குகிறவரை மோட்டாரில் ஏற்றி, சிலை, சர்ச், மியூசியம் என்று வரிசையாகக் காட்டிக்கொண்டே போகிறார். தன்னைப் பற்றிப் பேச்சே இல்லை. டர்பனில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு வர்த்தகக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பிழைத்தவர் அவர். குமாஸ்தா. அவர்மேல் எனக்குப் பிடிப்பு உண்டானதற்கு இது முதல் காரணம், கவிதை இரண்டாவதுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

அவர் தனக்குள்ளிருந்து உண்டாக்கிக்கொண்ட எழுத்தாளர்களில் ஒருவன் பெர்னார்டோ ஸோரஸ், உதவிக் கணக்கன். அவன் பெயரில் எழுதிய குறிப்புகள் 1982இல் புத்தகமாயின. ஸோரஸுக்கு ஆபீசும் அறையும் ஒரே தெருவில். ருவா தொஸ் டௌரடோரெஸ். பி.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டு வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் நான் பத்து வருஷமாக மனசுக்குள் குடியிருந்த தெரு அது.

போன வருஷம் போனோம். சேமிப்பு பாதிச் செலவுக்குத்தான் வந்தது. மீதிக்கு என் மனைவி நாலு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். எங்கள் கிளையிலேயே நகைக்கடன். பக்கத்து மேசைக்காரர் சீட்டு எழுதினார்; நான் யாரோ மாதிரி நின்றேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "எனக்குக் கடலைக் காட்டுங்க. உங்க தெருவை அப்புறம் பாத்துக்கலாம்."

முதல் நாள் விடுதிக்காரம்மாள் எங்களுக்குப் புரியாத பாஷையில் நிறையப் பேசி, கடைசியில் ஒரு சொல்லோடு அறைச் சாவியை நீட்டினாள். மனைவி மெல்ல என்னிடம், "சாவின்னுதானே சொன்னா?" என்றாள். அதைத்தான் சொல்லியிருந்தாள், நுனியைக் கொஞ்சம் விழுங்கி. நான் புத்தகத்தில் படித்து வைத்திருந்த விஷயத்தை அவள் காதால் கண்டுபிடித்தாள்.

கடலைக் காட்டினேன். காபோ த ரோக்கா, ஐரோப்பிய நிலப்பரப்பின் மேற்குக் கோடி. காற்றில் நிற்க முடியவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு அரைமணி பேசாமல் நின்றாள். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. அது அவளுடைய அரைமணி.

பெலேமில் ஜெரோனிமோஸ் மடம். கல்லைக் கயிறாக முறுக்கியிருக்கிறார்கள், பவழமாகப் படரவிட்டிருக்கிறார்கள். எல்லோரையும் போல நானும் வாயைப் பிளந்தேன். பிறகுதான் குமாஸ்தாப் புத்தி விழித்துக்கொண்டது. ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த சரக்குமேல் விதித்த நூற்றுக்கு ஐந்து வரியில் எழுந்த கட்டடம் இது. அத்தனை கல்லும் மிளகு. வாஸ்கோ ட காமா 1524இல் கொச்சியில் செத்தான். எலும்புகள் 1539இல் போர்ச்சுகலுக்குப் போய், 1880இல் இங்கே வந்து சேர்ந்தன. 1985இல் பெஸ்ஸோவாவையும் கொண்டுவந்து முற்றத்தை ஒட்டிய நடையில் வைத்துவிட்டார்கள். பார்க்க வேண்டியவற்றை எழுதியவர் பார்க்க வேண்டியவற்றில் ஒன்றாகிப் போனார்.

ஆற்றங்கரையில் மாலுமிகளின் ஞாபகச் சின்னம். 1940இல் ஒரு கண்காட்சிக்காகத் தற்காலிகமாக வைத்தது. ஸலஸார் ஆட்சியில் 1960இல் நிரந்தரமாகக் கட்டியது. முப்பத்து மூன்று உருவங்கள். அதில் ஒருத்தி மட்டும் பெண், மண்டியிட்டிருக்கிறாள். எண்ணிச் சொன்னவள் என் மனைவி.

இந்த மாலுமிகள் கொண்டுவந்த சரக்கின் கணக்கெல்லாம் இருந்த 'காஸா த இந்தியா' ஆற்றோர அரண்மனையில் இருந்தது. 1755 நவம்பர் 1 பூகம்பத்திலும் தீயிலும் அரண்மனையோடு அதுவும் போயிற்று. கல் நின்றது, பேரேடு போனது. அந்த இடம் இப்போது ஒரு பெரிய சதுக்கம். அதற்குப் பின்னால், பூகம்பத்துக்குப் பிறகு நூல் பிடித்தாற்போல் போட்ட தெருக்கள். தங்கக்காரர் தெரு, வெள்ளிக்காரர் தெரு. அங்கேதான் நான் தேடி வந்ததும்.

ஒன்றுமில்லை. சாப்பாட்டுக் கடைகள், விடுதிகள், நடைபாதையில் மேசைகள், உருட்டுப் பெட்டியோடு எங்களைப் போன்றவர்கள். நாலாவது மாடி ஜன்னல்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு இரண்டு முறை நடந்தேன். எந்த ஜன்னலிலும் ஸோரஸ் இல்லை. அவன் எப்போதும் இருந்ததில்லை என்பது தெரிந்தும் அண்ணாந்து பார்த்தேன்.

"தெருப் பேருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

"முலாம் பூசுகிறவர்கள் தெரு."

வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். "தங்கத்தை வெச்சுட்டு முலாம் பாக்க வந்திருக்கோம்."

கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் உறைத்தது. மடத்துக்குப் பூசிய முலாமைக் கணக்குப் பார்த்துக் கண்டுகொண்ட எனக்கு, குமாஸ்தா வாழ்க்கைமேல் நானே பூசிவைத்திருந்த முலாம் தெரியவில்லை. பெஸ்ஸோவாவின் துயரத்தைக் கடன் வாங்கி என் கவுண்டருக்கு ஒரு மகத்துவம் தேடிக்கொண்டிருந்தேன். வட்டி அவள் கட்டினாள்.

போர்ச்சுகலில் பார்க்க வேண்டியது என்ன என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மடத்தைப் பாருங்கள், கடல்முனையைப் பாருங்கள். ஆனால் பார்ப்பதைவிடக் கேட்பதே எனக்கு மிஞ்சியது. 1554இல் லிஸ்பனில் ஒரு சிறு வேதப் புத்தகம் அச்சாயிற்று. தமிழின் முதல் அச்சுப் புத்தகம் அதுதான். எழுத்து ரோமன், சத்தம் தமிழ். நம் சத்தம் அங்கே போனது. அவர்கள் சத்தம் இங்கே தங்கிவிட்டது. அதற்கு யாரும் சின்னம் கட்டவில்லை. டிக்கெட்டும் இல்லை.

நேற்று எங்கள் கிளையில் மீட்கப்படாத நகைகளுக்கு நோட்டீஸ் ஒட்ட வேண்டியிருந்தது. சாவியை வாங்கி, அலமாரியைத் திறந்து, பட்டியலை மேசைமேல் வைத்தேன். சாவி, அலமாரி, மேசை மூன்றும் அவர்கள் சொற்கள். நோட்டீஸின் தலைப்பில் இருக்கும் ஏலமும் அவர்களுடையதே. ஒட்டுவதற்கு முன் பட்டியலை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தேன். எங்கள் எண் அதில் இன்னும் வரவில்லை.