நான்காவது போல்ட்

மொரிஸ் மைனரின் வோட்டர் பம்ப் நான்கே போல்ட்டில் நிற்கிறது. தண்ணீரை வடித்து, ரேடியேட்டரைக் கழற்றி, விசிறியையும் டைனமோவையும் ஒதுக்கிவிட்டால் நான்கும் கண்முன்னே தெரியும். ஸ்பெனர் பிடிக்கத் தெரிந்த எவரும் மத்தியானத்துக்குள் முடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். சாய்ந்தமருதில், பிரதான வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றிலிருக்கும் கராஜுக்கு நான் போனபோது ஒரு மைனர் அந்த நிலையில்தான் நின்றது. மூன்று போல்ட் கழன்று தட்டில் கிடந்தன. நான்காவதுக்கு முன்னால் பாஸ் குந்தியிருந்தார்.

கராஜில் எல்லோரும் அவரை பாஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் அண்ணன் முறையில் காக்கா என்றேன். அவருக்கு இரண்டும் ஒன்றுதான். எதையும் கழற்ற முன்னமே நோயைக் கண்டுபிடித்த விதத்தைச் சொன்னார். விசிறியின் இரண்டு இதழ்களைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்திருக்கிறார். ஆட்டம் இருந்தால் பம்பின் பெயாரிங் போய்விட்டது. பம்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் சொட்டும். இந்தக் காரில் ஆட்டமும் இருந்தது, சொட்டும் இருந்தது.

1948 இல் வந்த முதல் மைனர்களில் வோட்டர் பம்பே இல்லை. சூடான தண்ணீர் தானாக மேலேறி, ரேடியேட்டரில் ஆறிக் கீழே இறங்கும். அது போதுமாக இருந்தது. ஏ சீரிஸ் எஞ்சின் வந்த பிறகுதான் இங்கே நாம் காணும் பம்ப். இந்தக் கார் அந்த எஞ்சினின் 1098 சிசி வகை. அறுபதுகளில் இறங்கியது, இன்னும் பொத்துவில் வரை போய் வருகிறது.

வடித்த தண்ணீர் வாளியில் செங்கல் நிறத்தில் நின்றது. கிணற்றுத் தண்ணீர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று இந்தக் கரை நெடுக ஊர்கள் கடலோடு ஒட்டிக் கிடக்கின்றன. கடலுக்குக் கிட்டிய கிணறுகளில் உவர் இருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு பல கிணறுகள் நெடுநாள் குடிக்க முடியாமல் கிடந்தன. உப்புள்ள தண்ணீர் எஞ்சினுக்குள் சுற்றுகிறது, வெளியில் உப்புக் காற்று. கஸ்கட் ஓரமாகக் கசியும் தண்ணீர் போல்ட்டின் உடம்பைச் சுற்றித் தேங்கி அதைத் தின்கிறது. இரும்பு துருவானால் பழைய அளவின் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். துளையோ அதே துளை. ஆகவே மெலிந்துபோன போல்ட்டைத் துருவே நாலா பக்கமும் நெரித்துப் பிடித்துக்கொள்கிறது. தலை திரும்பும், உடம்பு திரும்பாது. அப்படித்தான் முறிகிறது.

நான்காவது போல்ட்டுக்கு அவர் செய்தவற்றை முழுக்கப் பார்த்தேன். முதலில் போல்ட்டின் தலையில் சுத்தியலால் நேராகத் தட்டினார். பலமாக அல்ல, ஆனால் நிறைய நேரம். பிறகு காஸ் சுவாலையால் அதைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்பைச் சூடாக்கி, சூடு தணியும்போது மெழுகுதிரியை ஒட்டிப் பிடித்தார். மெழுகு உருகி மரைக்குள் இழுபட்டுப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

“சூடு பட்டா இரும்பு விரியும், மறுகா ஆறக்குள்ள சுருங்கும். அந்த நேரத்திலதான் உள்ளுக்குப் போகும் தம்பி” என்றார்.

பிஸ்மில்லாஹ் சொல்லி ஸ்பெனரைப் போட்டார். முதலில் கழற்றும் பக்கம் திருப்பவில்லை, இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு. பிறகு கழற்றும் பக்கம். மறுபடி இறுக்கும் பக்கம். திடீரென்று நிறுத்தி ஸ்பெனரை என் கையில் தந்தார். “அமத்திப் பாருங்க. பஞ்ச அமத்துற மாதிரி இரிக்கா? அது கழறல்ல. முறுகுது. இன்னும் அமத்தினா ஒடஞ்சிரும்.” எனக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை. அவருடைய கைக்குத் தெரிந்தது. கழன்ற மூன்று போல்ட்டும் இந்த இடத்தில் நிறுத்தப்பட்டு, மறுபடி சூடாக்கப்பட்டு, வெளியே வந்தவை. இந்த வேலையின் உச்சம் அந்த நிறுத்தம்தான் என்று நினைக்கிறேன். உடையப் போகும் கணத்துக்கு முந்திய கணத்தைக் கை உணர வேண்டும்.

நான்காவது அப்படியும் உடைந்தது. சிறிய ஒரு ‘டிக்’. ஸ்பெனரைக் கீழே வைத்துவிட்டு அவர் எழுந்தார். லுஹர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் போனார்.

அவர் திரும்பி வரும்வரை வேலை பழகும் பையனோடு பேசிக்கொண்டிருந்தேன். காரைதீவுப் பையன். கராஜின் தகரப் பேணியில் கிடந்த போல்ட்டுகளை எனக்குப் பிரித்துக் காட்டினான். மைனரின் பம்ப் போல்ட் 5/16 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 18 மரை. அதன் குறுக்களவு 7.94 மில்லிமீற்றர். ஜப்பான் வாகனத்தின் 8 மில்லிமீற்றர் போல்ட்டைப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்றில் மரைக்கு மரை 1.41 மில்லிமீற்றர், மற்றதில் 1.25. இரண்டு சுற்றுக் கையால் ஏறும், பிறகு இறுகும். பொறுமையில்லாதவர் ஸ்பெனரால் திருகினால் அது மரையைத் தின்றுகொண்டே உள்ளே போகும். 1977 இல் இலங்கையில் இறக்குமதி திறந்துவிடப்பட்டு ஜப்பான் வாகனங்கள் நிறைந்த பிறகு கராஜ்களின் பேணிகளில் சேர்ந்ததெல்லாம் மில்லிமீற்றர் போல்ட்டுகள். பழைய ஆங்கிலக் கார்களின் எத்தனையோ துளைகள் அப்படித்தான் கெட்டன. பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் இரண்டாம் உலகப் போரில் ஒருவர் போல்ட் மற்றவர் நட்டில் ஏறாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, ஒரே அங்குல மரைக்கு உடன்பட்டதும் 1948 இல்தான். அந்த மரைதான் பையன் கையில் இருந்தது.

பாஸ் வந்து பம்பை இழுத்து எடுத்தார். போல்ட்டின் மிச்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்ட் பண்ணித் திருப்பியிருப்பார். வெல்டிங்கின் சூடே பாதித் துருவை விடுவித்துவிடும். இது எஞ்சின் முகத்துக்குச் சற்று உள்ளேயே முறிந்திருந்தது. துளைத்துத்தான் எடுக்க வேண்டும். முறிந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் ஈசி அவுட் அவரிடம் இருக்கிறது, தொடவில்லை. அது உள்ளே முறிந்தால் அதன் உருக்கைச் சாதாரண டிரில் கடிக்காது.

துளையை நடுவில் போடுவதுதான் சிரமம். முறிந்த முகம் மேடுபள்ளமாக இருக்கும். டிரில் வழுக்கி, போல்ட்டைவிட மென்மையான வார்ப்பிரும்புப் பக்கம் ஓடிவிடும். அவர் செய்தது எனக்கு மறக்காது. கழற்றிய பழைய பம்பையே மற்ற மூன்று துளைகளிலும் போல்ட் போட்டு மறுபடி மாட்டினார். அதன் நான்காவது துளைக்குள் இறுக்கமாக நுழையும் ஒரு சிறு உருக்குக் குழலை, நடுவில் மெல்லிய துளையோடு, லேத் கடையில் கடைந்து வாங்கி வரச் சொல்லியிருந்தார். குழலுக்குள் போன டிரில் விலக இடமில்லை. நேராக, நடுவில் இறங்கியது. பிறகு படிப்படியாகப் பெரிய டிரில்கள், கடைசியில் ஆறரை மில்லிமீற்றர். சுவரில் ஒட்டியிருந்த மரைச் சுருளைக் கூர் ஊசியால் நெம்பி எடுத்தார். டேப் போட்டு மரையைச் சுத்தம் செய்தபோது புதிய போல்ட் விரலாலேயே அடிவரை ஓடியது.

இதற்கிடையில் பையன் கஸ்கட் தாளைப் பம்பின் முகத்தில் வைத்து, சிறு சுத்தியலால் ஓரம் ஓரமாகத் தட்டியே வெட்டி எடுத்திருந்தான். பம்புக்கும் எஞ்சின் தலைக்கும் நடுவிலுள்ள குட்டை ஹோசையும் கையோடு மாற்றினார்கள். பம்ப் மாட்டிய பிறகு அதை மட்டும் மாற்றுவது பெரும்பாடு. நான்கு போல்ட்டுக்கும் கிரீஸ் பூசி, குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கம் வரை பெரும்பாலும் மூடியே கிடந்தது. அந்த ஆண்டுகளில் நாட்டின் பழைய கார்கள் எல்லாம் இப்படிப்பட்ட கைகளால்தான் ஓடின. கொஸ்கொடவில் செய்த மைனர் பாகங்கள் இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கே போனதைப் பெருமையாக எழுதியிருக்கிறார்கள். எழுதத் தகுந்ததுதான். கல்முனைக் கரையின் கராஜ்களைப் பற்றியும் அதே மரியாதையோடு எழுதப்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

மாலையில் பாஸ் பில் எழுதினார். பம்ப், ஹோஸ், கஸ்கட் தாள், லேத் கூலி, பம்ப் மாற்றிய கூலி. உடைந்த போல்ட்டுக்கு வரியே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

“ஒடஞ்சது என்ட கையிலதானே. அதுக்கு எப்பிடிக் காசி கேக்கிற?”

துருப்பிடித்தது அவர் கையில் இல்லையே என்றேன். உடையாமல் எடுத்த மூன்றுக்கும் எத்தனை நேரம் போனது, அதையாவது எழுதுங்கள் என்றேன். கார்க்காரர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பாஸ் பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகினார். எஞ்சின் நாளைக்கு ஆறிய பிறகு நான்கு போல்ட்டையும் ஒருதரம் இறுக்க வேண்டும், பொத்துவில் போக முதல் கொண்டு வாருங்கள் என்று காரைக் கொடுத்து அனுப்பினார். அதற்கும் கூலி சொல்லவில்லை.