சைக்கிளில் நார்த்தாமலைக்கு

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போனால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதே தூரத்தைச் சைக்கிளில் கடக்க நமக்கு ஒரு பகல் முழுவதும் பிடித்தது. இதையும் ஒரு பெருமையென்று எழுத வந்துவிட்டாரே என்று நேயர்கள் நகைக்கலாம். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர் பங்குனி வெயிலில் எதற்காக அப்படிப் புறப்பட்டார் என்பதைக் கேட்டுவிட்டுப் பிறகு நகைத்தால் போதும்.

நம் புதல்விக்கு மேல்நிலை வகுப்பில் சேர்ந்தபோது அரசாங்கத்தார் வழங்கும் விலையில்லாச் சைக்கிள் கிடைத்தது. இரண்டு வருஷம் அது பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்குமாக ஓடிற்று. பன்னிரண்டாம் வகுப்புப் பரீக்ஷை முடிந்ததும் பிரச்னை வந்தது. அவள் படிக்க விரும்பிய தாவர சாஸ்திரம் இருந்த கல்லூரி, வீட்டிலிருந்து 9 கிலோமீட்டர் தூரம். காலை வேளையில் அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் நிற்பதற்கும் இடம் இராது. "சைக்கிளிலேயே போய் வருகிறேன்" என்றாள் பெண். "வேண்டவே வேண்டாம். பக்கத்துக் கல்லூரியில் என்ன பாடம் இருக்கிறதோ அதைப் படிக்கட்டும்" என்றார் நம் தாயார்.

"ஏனம்மா?" என்று கேட்டோம்.

"வழியிலே வண்டி நின்றுபோனால் குழந்தை என்ன செய்வாள்? நீ இருபத்தைந்து வருஷமாய்ச் சைக்கிள் விடுகிறாயே, என்றைக்காவது நீயே ஒரு பங்சர் ஒட்டியிருக்கிறாயா?"

இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. பட்டம் பெற்றிருந்தோம், பௌதிக சாஸ்திரத்தில் உராய்வைப் பற்றியும் நெம்புகோலைப் பற்றியும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி வந்தோம். ஆனால் காற்று இறங்கினால் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போவது ஒன்றுதான் நமக்குத் தெரிந்த ரிப்பேர்.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கடையிலேயே தந்தையும் மகளுமாக உட்கார்ந்து வேலை கற்பது. பிறகு புதுக்கோட்டையில் இருக்கும் நம் தமக்கை வீட்டுக்கு இருவரும் சைக்கிளிலேயே செல்வது. வழியில் என்ன நேர்ந்தாலும் கடைக்குப் போகாமல் நாமே சரி செய்துகொள்வது. அப்படிப் போய்ச் சேர்ந்தால் கல்லூரி விஷயத்தில் தடை சொல்வதில்லை என்று தாயார் ஒப்புக்கொண்டார்.

கடைக்காரர் நல்ல ஆசிரியர். முதல் பாடமே நம் அகந்தையைக் குறைத்தது. "பங்சர் ஒட்டுவது பெரிசில்லை சார். ஒட்டின பிறகு டயருக்குள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்க்கணும். முள் அங்கேயே இருந்தால் பத்தடியிலே மறுபடி குத்தும்" என்றார். டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுமையாக இருந்து, அப்புறந்தான் ஒட்டுத்துண்டை அழுத்த வேண்டும். நாம் ஈரத்திலேயே ஒட்டினோம். அது கையோடு வந்துவிட்டது. நம் பெண் ஒட்டியது நின்றது.

இடது பெடலின் மரை மற்ற மரைகளுக்கு எதிர்த்திசையில் சுற்றும் என்பதையும் அன்றுதான் அறிந்தோம். டயர் வாங்கும்போது பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண் முழுவதையும் படிக்க வேண்டும். நம்முடைய பழைய கறுப்பு வண்டிக்கு 28 × 1½. பெண்ணின் வண்டி 26 அங்குல வகை. 26 என்று போட்ட டயரெல்லாம் ஒன்றல்ல. பெருக்கல் குறிக்கு அப்பால் உள்ள எண்ணும் ஒத்திருந்தால்தான் ரிம்மில் சரியாக உட்காரும்.

அடுத்தது வழியைத் தீர்மானிப்பது. கைப்பேசியிலுள்ள தேசப்படம் மாத்தூர், கீரனூர் வழியாக நெடுஞ்சாலையைக் காட்டியது. லாரிகளுக்குப் பயந்து கிராமத்துக் குறுக்குப் பாதைகளில் போகலாமா என்று கேட்டோம். "அந்தப் பாதையெல்லாம் சீமைக்கருவேல முள். லாரிக்குப் பயந்தால் விடியுமுன் புறப்படுங்கள்" என்றார் கடைக்காரர். வழியென்றால் தூரத்தை மட்டும் பார்த்தால் போதாது. தண்ணீர் எங்கே, நிழல் எங்கே, வெயில் ஏறும் நேரத்தில் நாம் எங்கே இருப்போம் என்பதையும் பார்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டோம். மணிக்கு 12 கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, காலை எட்டரை மணிக்குள் நார்த்தாமலையை அடைவதென்று திட்டம் வகுத்தோம்.

காலை நாலரை மணிக்கு டைனமோ விளக்கு முனகப் புறப்பட்டோம். விமான நிலையத்தைத் தாண்டியபோதும் கிழக்கு வெளுக்கவில்லை. மாத்தூருக்கு அப்பால் நம் பின்சக்கரம் தரையோடு அமர்ந்தது. டியூபை வெளியே எடுத்து, பாட்டில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். ஓட்டை எங்கும் இல்லை. அரை மணி நேரம் கழிந்தது, தண்ணீரும் தீர்ந்தது.

"அப்பா, வால்விலே எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தீர்களா?" என்றாள் பெண்.

பார்க்கவில்லை. காற்றடித்து, வால்வின் வாயில் விரலால் எச்சிலைத் தொட்டு வைத்தாள். சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. அந்த வால்வுக்குள்ளே சிறு ரப்பர் குழாய் ஒன்று உண்டு. வால்வு டியூப் என்பார்கள். உள்ளே போன காற்றை வெளியே விடாமல் காப்பது அதுதான். வெயிலில் நாள்பட்டு அது இற்றுப் போயிருந்தது. சில காசுப் பொருள்! அவள் பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மாட்டினாள். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. உபாத்தியாயர் மௌனமாகப் பம்ப் அடித்தார்.

கீரனூரை நெருங்கும்போது அவள் வண்டியில் ஒரு சத்தம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு 'டக்'. பெடலை இறுக்கினோம், சத்தம் போகவில்லை. ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினோம். கடையில் இருந்த அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். டம்ளரைக் கழுவிக்கொண்டே, "பெடல் இல்லை தம்பி, கோட்டர் பின் லூசு" என்றார்.

கோட்டர் பின் என்பது பெடல் தண்டை அச்சோடு பிணைக்கும் சிறு ஆப்பு. "நட்டை மட்டும் முறுக்கினால் மரைதான் போகும். தண்டுக்கு அடியிலே கல்லை முட்டுக் கொடு தாயி. கட்டையை வைத்துப் பின்னைத் தட்டி இறக்கு. பிறகு நட்டை முறுக்கு" என்று அவர் சொல்லச் சொல்ல நம் பெண் செய்தாள். சத்தம் நின்றது.

"இதெல்லாம் எங்கே படித்தீர்கள் ஆத்தா?" என்று கேட்டாள்.

அந்த அம்மாள் சிரித்தார். 1991-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதில் பெரும் ஊக்கம் காட்டினார். கல் குவாரித் தொழிலாளிகளும் அங்கன்வாடி ஊழியர்களும் கிராமச் செவிலியரும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். இவர் அந்நாளில் குவாரியில் கல் சுமந்தவர். பெண்களுக்கான வண்டி போதுமான அளவு கிடைக்காததால் ஆண்கள் வண்டியிலேயே பழகினாராம். "அதுவும் நல்லதாய்த்தான் போச்சு. முன்கம்பியிலே பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம்" என்றார். "ஊரிலே கேலி பண்ணினவர்கள் உண்டு. பள்ளம் வந்தால் இறங்கித் தள்ளினோம். பழுது வந்தால் பிரித்துப் பார்த்தோம். யாரைக் கேட்பது?" டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

நார்த்தாமலையை அடையும்போது மணி பத்தரை. பாறை கொதித்தது. எட்டரை மணித் திட்டம் கடைக்காரர் கொடுத்த துண்டுக் காகிதத்திலேயே தங்கிவிட்டது. ஊரில் ஒரு மரத்தடியில் கட்டுச்சோற்றைத் தின்று, படுத்து எழுந்து, நாலு மணிக்கு மேலமலையில் ஏறினோம்.

தாமதமும் ஒரு விதத்தில் உபகாரம் செய்தது. மேலே இருக்கும் விஜயாலய சோழீசுவரம் மேற்கு நோக்கிய கோயில். காலையில் வந்திருந்தால் அதன் முகம் நிழலில் இருந்திருக்கும். சாயங்கால வெயிலில் அந்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கற்றளி பொன் பூசியதுபோல் நின்றது. வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். சுற்றிலும் சிறு சிறு ஆலயங்கள். எதிரே பாறையைக் குடைந்த குகையில் பன்னிரண்டு விஷ்ணு உருவங்கள் ஆளுயரத்தில் வரிசையாக நிற்கின்றன.

அந்தக் கோயிலின் கல்வெட்டில் ஒரு விசேஷம். சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவன் கட்டிய கோயில் மழையினால் இடிந்தது. மல்லன் விடுமன் என்பவன் அதைப் புதுப்பித்தான். இருவர் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இதை நாம் எடுத்துச் சொன்னதும் பெண் கொஞ்ச நேரம் அந்த எழுத்துக்களைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்படியென்றால், ரிப்பேர் செய்தவருக்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பேர் நிற்கிறது, இல்லையா அப்பா?" என்றாள். கைவிரல்களில் அப்போதும் செயின் மசி இருந்தது.

புதுக்கோட்டைக்கு இன்னும் சுமார் 17 கிலோமீட்டர். விளக்கு வைத்த பிறகு போய்ச் சேர்ந்தோம். தாயாருக்குப் போன் செய்தோம். "வண்டி நின்றதா?" என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு முறை நின்றது என்று உண்மையைச் சொன்னோம். "யார் சரி செய்தது?" என்றார். போனைப் பெண்ணிடம் கொடுத்தோம். ஒரு தரம் தானும், மற்றொரு தரம் ஓர் ஆத்தா சொல்லித் தானும் செய்ததாகச் சொன்னாள். "அப்பா என்ன செய்தான்?" என்ற குரல் நம் காதிலும் விழுந்தது. "காற்றடித்தார்" என்றாள்.

கல்லூரி திறந்த அன்று காலையில் தாயார் வாசலுக்கு வந்தார். பேத்தியின் பையில் வால்வு டியூப் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு குனிந்து, பின்டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "காற்று சரியாய் இருக்கிறது. போய் வா" என்றார்.