செம்மஞ்சள் விளக்கு

சாம்பல்தீவின் உப்புக்காற்று எமது பழைய கொரோலாவையும் விட்டுவைக்கவில்லை. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நாள் நெருங்குகையில், இயந்திர வடிவிலான செம்மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கிற்று. 2008 முதல் நடைமுறையிலுள்ள புகைப் பரிசோதனையில் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் அளவு மீறினால் பத்திரம் கிடையாது. கணினிக் குறியீட்டைப் பார்த்த திருத்துநர், ஒட்சிசன் உணரியை மாற்றுமாறு பணித்தார். விலையோ என் சம்பளத்தில் பாதி! ஆயின் குறியீடு சொன்னது கலவையில் எரிபொருள் குறைவு என்பதையே. உணரி பழுது என்பதையன்று.

"தம்பி, விடியற்காலையில் எஞ்சின் குளிர்ந்து கிடக்கேக்க முடுக்கிவிட்டுக் காது கொடுத்துக் கேளும்" என்றார் அயலிலிருந்த முதியவர். கேட்டேன். உணரிக்குச் சற்று முன்னால், துருவேறிய புகைக்குழாய் இணைப்பில் 'டிக் டிக்' என்றொரு மெல்லொலி. அத்துளைவழியே புறக்காற்று புகுந்திருக்கிறது. உணரி தான் கண்ட மிகை ஒட்சிசனை உள்ளபடியே அறிவித்திருக்கிறது. அதை நம்பிய கணினி பெற்றோலை வீணே கூட்டியிருக்கிறது. குறைவென்று சொல்லிய வாகனம் நஞ்சை மிகுதியாகக் கக்கியது இவ்வாறுதான்.

இணைப்பை உருக்கி ஒட்டிய சில நாட்களில் விளக்கு தானே அணைந்தது. பரிசோதனையிலும் தேறிற்று. உணரி இன்றும் பழையதே.